மூன்று அங்குலத்துக்கு மேல்

வெள்ளம் வயலில் மணலைக் கொட்டிவிட்டுப் போனால், அதை அள்ளிப் போட அரசு பணம் தரும். ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். ஆனால் மணல் மூன்று அங்குலத்துக்கு மேல் கிடக்க வேண்டும். அதற்கு அதிகாரி சான்று தர வேண்டும். பேரிடர் நிவாரண நிதியின் விதி அது. இரண்டே முக்கால் அங்குலம் என்றால் அது மணலே இல்லை, விவசாயியின் மனப்பிரமை.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணே போய், செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பேரோடு நடுவழியில் நின்றது. ரயில் பாதைக்கே அந்தக் கதி என்றால் வாழைத் தோட்டத்து வரப்பைக் கேட்பானேன்? வரலாறு காணாத மழை என்றார்கள். மெய்தான். தப்பெல்லாம் வானத்தின் மேல். கீழே இருக்கிற அத்தனை பேரும் யோக்கியர்கள்.

ஆற்றுக்குள் கிடக்கும் மண்ணுக்கு மட்டும் அங்குலக் கணக்கு கிடையாது. தாமிரபரணியின் எட்டாவது, கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. கடலுக்குப் போகுமுன் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் வண்டல் நின்று, மேடு தட்டி, செடி முளைத்துக் காடாயிற்று. தூர்வாருங்கள் என்று சொல்ல 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் வரவேண்டியிருந்தது. வாரினார்கள். வண்டலை விட்டுவிட்டு மணல்தான் லாரி ஏறுகிறது என்று விவசாயிகள் கத்தினார்கள். எது தூர், எது துட்டு என்று லாரிக்குத் தெரியாதா!

மேலே மணலை அள்ளினால் ஆறு பள்ளமாகிறது. கரை அடியில் அரிந்து சரிகிறது. சரிந்த மேல்மண் அணைக்கட்டில் போய்ப் படிகிறது. அங்கே மேடானால் அடுத்த வெள்ளம் வயலுக்குள் ஏறுகிறது. இதற்குப் பொறியியல் பட்டம் வேண்டாம். பிசானப் பருவத்துக்கு நாற்று நடுகிற ஆச்சி சொல்வாள். ஸ்ரீவைகுண்டத்துக்காரர் தோழர் நல்லகண்ணு எண்பது தாண்டிய வயதில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய், தாமே வாதாடி, 2010-ல் தாமிரபரணி மணலுக்குத் தடை வாங்கினார். தடைக்கு மரியாதை கொடுத்து லாரிகள் ராத்திரியில் ஓடப் பழகிக்கொண்டன.

கணக்குக் கேட்ட அரசு ஊழியரும் ஒருவர் இருந்தார். முறப்பநாடு கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ். மணல் திருட்டு நடக்கிறது என்று போலீசில் எழுதிக் கொடுத்தார். 2023 ஏப்ரல் 25-ல், பட்டப்பகலில், அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து வெட்டினார்கள். குடும்பத்துக்கு ஒரு கோடி அறிவித்தது அரசு. வெட்டிய இருவருக்கு ஆயுள் தண்டனை. ஆற்றுக்கு?

அவர் செத்த எட்டாம் மாதம் அந்த டிசம்பர் வெள்ளம் வந்தது. கரை ஏன் நிற்கவில்லை என்று ஆராயக் குழு போடுகிற ஐயாமார், முறப்பநாடு காவல் நிலையத்தில் அந்த மனிதர் கொடுத்த புகாரை முதலில் வாங்கிப் படிக்கட்டும்.