திரையில் வந்த நீதி

கேள்வி: 'மிஸ்ஸிஸிப்பி பர்னிங்' படம் சரித்திரத்துக்கு விசுவாசமானதா?

பதில்: 1964-இல், கறுப்பர்களுக்கு வாக்குரிமை தேடித் தரப் புறப்பட்ட மூன்று வாலிபர்களை நிறவெறியர்கள் கொன்ற சம்பவத்தை ஆதாரமாகக் கொண்டு ஆலன் பார்க்கர் 1988-இல் எடுத்த இப்படத்தின் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கார் கிடைத்தது நியாயமே; ஆயினும், அக்காலத்தில் மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசியையே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த எஃப்.பி.ஐ.யைக் கறுப்பரின் ரட்சகனாகவும், உயிரைத் துச்சமென மதித்துப் போராடிய கறுப்பர்களை மௌன ஜனங்களாகவும் சித்திரித்த சாமர்த்தியத்துக்குத் தனியே ஒரு பரிசு கொடுத்திருக்கலாம். திரையில் இரண்டு மணி நேரத்தில் வந்து சேரும் நீதி, நிஜத்தில் (விரட்டுவதற்குப் படத்தின் எஃப்.பி.ஐ. நாயகன் ஜீன் ஹாக்மன் இல்லாததாலோ என்னவோ) பிரதான சூத்திரதாரியைப் பிடிக்க 41 வருஷம் நடந்தது; 2005-இல், எண்பது வயதில், கொலைக்கு ஒரு படி குறைந்த குற்றத்துக்காகவே அவர் தண்டனை பெற்றார்.