மெதுவாகப் போய் மிரட்டுவது!

கேள்வி: மணிக்கு 300 கிலோமீட்டரில் பறக்கிற கார் பந்தயக்காரரை, இன்னொருவர் மனதளவில் எப்படி நெருக்க முடியும்?

பதில்: மெதுவாகப் போய்த்தான்! 2016 ஃபார்முலா 1 தொடரின் கடைசிப் பந்தயம், அபுதாபியில். ஹாமில்டனுக்குப் பட்டம் வேண்டுமானால் தான் ஜெயித்தால் மட்டும் போதாது. சொந்த அணிக்காரரான ரோஸ்பெர்க் முதல் மூன்று இடங்களுக்குள் வரவும் கூடாது. எனவே, அடுத்து வந்த ரோஸ்பெர்க்கை மற்றவர்கள் முந்தட்டும் என்று, முதலிடத்தில் இருந்துகொண்டே மாப்பிள்ளை ஊர்வலம் போல ஓட்டினார். முன்கார் கலைத்துவிடும் காற்றில் பின்கார் தரையை இறுகப் பிடிக்காது; டயர் வழுக்கும், சூடேறும், தேயும். போதாக்குறைக்கு, ரோஸ்பெர்க்கின் பின்னாலேயே புதுச் சூப்பர்சாஃப்ட் (மிருதுவான, வேகமான) டயருடன் போட்டி அணியின் வெட்டல். அவருக்கும் பின்னால் முந்தத் துடிக்கும் வெர்ஸ்டப்பன், கேட்கவா வேண்டும்! 'வேகமாகப் போ' என்று இருவரின் அணியான மெர்சிடிஸ் ரேடியோவில் ஹாமில்டனுக்கு உத்தரவே போட்டது. ஹாமில்டன் மசியவில்லை. (சம்பளம் கொடுக்கிற முதலாளியிடம் இதை நீங்கள் முயன்று பார்க்க வேண்டாம்.) ரோஸ்பெர்க்கும் பதறவில்லை. டயரையும் நிதானத்தையும் காப்பாற்றி இரண்டாவதாக வந்து, 5 புள்ளி வித்தியாசத்தில் உலகச் சாம்பியன் ஆனார். அடுத்த 5 நாளில் ஓய்வு அறிவித்துவிட்டு வீட்டுக்கும் போய்விட்டார். மறுவருடம் பழிதீர்க்க ஹாமில்டன் நினைத்திருந்தாலும், எதிரில் ஆள் இல்லை!