ஒன்றரை மணி நேரத் தூரம்

கேள்வி: கணவருக்குத் துபாயில் வேலை. ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறேன். இருவரும் சேர்ந்து ஓடிய பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் தனியே ஓட மனம் வரவில்லை. என்ன செய்ய?
– ஒரு வாசகி, திருவான்மியூர்

பதில்: கால் முதலில் கிளம்பட்டும், மனம் மூன்றாவது கிலோமீட்டரில் வந்து சேர்ந்துகொள்ளும். 42.195 கிலோமீட்டரை உற்சாகத்தால் மட்டும் யாரும் கடப்பதில்லை, பழக்கம்தான் கடக்க வைக்கிறது.

நீங்கள் ஐந்து மணிக்குக் கிளம்பும்போது துபாயில் மூன்றரை. அவர் தூங்கட்டும். ஆறரைக்கு அங்கே ஐந்து. கூப்பிட்டு எழுப்புங்கள், ஓடிக்கொண்டே பேசுங்கள். வாரம் ஒருமுறை ஓடும் நீண்ட ஓட்டத்துக்கு வேக அளவே இதுதான்: முழு வாக்கியம் பேச வர வேண்டும். வார்த்தை உடைந்தால் வேகம் அதிகம். அதை உங்கள் குரலை அறிந்தவரைவிட யார் சரியாகச் சொல்வார்? ஒரு காது மட்டும் அவருக்கு, இன்னொன்று சாலைக்கு. மாநகரப் பேருந்துக்கு உங்கள் மேல் பாசம் கிடையாது. சண்டையை ஓட்டம் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள், வேகம் கூடிவிடும்.

சில நாள் அழுகையே வரும். அன்று நடந்துவிட்டு வாருங்கள், அதுவும் பயிற்சிதான்.

அவரை ஜனவரிக்கு டிக்கெட் போடச் சொல்லுங்கள். 30 கிலோமீட்டர் தாண்டினால் உடம்பில் சேமித்த சர்க்கரை பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அந்த இடத்தில் சாலையோரம் அவர் நிற்க வேண்டும்.