கோவிலம்பாக்கத்தில் இலையுதிர் காலம்

அக்கார்டியனில் ஜாஸ் பழகப் போனால் முதலில் கையில் திணிக்கப்படுவது பெரும்பாலும் ‘ஆட்டம் லீவ்ஸ்’. 1945இல் ஜோசப் கோஸ்மா போட்ட மெட்டு. இலையுதிர் காலமே இல்லாத ஊரில் அதை உருகி உருகி வாசிக்க வேண்டும்.

இடக்கைக்கு 120 பொத்தான்கள். வாசிப்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இவ்வளவு இருந்தும், ஜாஸுக்கு அன்றாடம் வேண்டிய மைனர் செவன்த் கார்டுக்குத் தனிப் பொத்தான் கிடையாது! ஏ மைனர் செவன்த் என்றால், ஏ பேஸோடு சி மேஜரைச் சேர்த்து அமுக்கி ஒப்பேற்றணும்.

மாடி வீட்டு மாமா மெட்ரோ வேலைச் சத்தத்தை வருஷக்கணக்கில் பொறுத்தவர். என் வாசிப்புக்கு மட்டும் இறங்கி வந்துவிட்டார்.

“ஏம்ப்பா, எம்.எஸ்.வி. குழுவுல மங்களமூர்த்தி வாசிச்சதும் இதே பெட்டிதானே?”

பெட்டி அதேதான் மாமா. அவருக்குக் கை வேற.