கிக்கர் பதில்கள்

கே: எஞ்சின் கட்டி முடிச்சாச்சு. முதல் உதையை ராகு காலத்தில் உதைக்கலாமா?
— மேடவாக்கம் வாசகர்

ப: ராகு காலம் பார்ப்பது உங்கள் இஷ்டம். ஆயில் பார்ப்பது கட்டாயம்.

கே: சைலன்சரை மாற்றினால் புல்லட்டுக்குப் பவர் கூடுமா?
— பல்லாவரம் வாசகர்

ப: சத்தம் கூடும். பக்கத்து வீட்டுக் குழந்தையின் தூக்கம் குறையும். கம்பெனி சைலன்சரே போதும்.

கே: பழைய 350 புல்லட்டுக்குப் போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்றி, எஞ்சினை முழுசாகக் கட்டியாயிற்று. ஆனால் மெக்கானிக் அண்ணன் ஸ்டார்ட் பண்ண விடாமல் எதையாவது கழற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.
— கல்லூரி மாணவர், சேலையூர்

ப: அந்த அண்ணனை எந்தக் காலத்திலும் விட்டுவிடாதீர்கள். 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி, எல்லாம் ஒரே ஒரு சிலிண்டருக்குள். புதிதாகக் கட்டிய எஞ்சின் உள்ளே காய்ந்து கிடக்கும். பழைய புல்லட்டில் ஆயிலை ஏற்றவும் இறக்கவும் இரண்டு பம்ப் உண்டு. அவை இழுக்க ஆரம்பித்துவிட்டனவா என்று தெரியாமல் ஸ்டார்ட் செய்தால், முதல் நிமிடத்திலேயே பெரிய பேரிங் தேய ஆரம்பித்துவிடும்.

அதனால் அவர் இதைத்தான் செய்துகொண்டிருப்பார்: பிளக்கைக் கழற்றி, சாவியை ஆஃப் செய்துவிட்டு, கிக்கரை மெதுவாக மிதித்துக்கொண்டே இருப்பார். ஹெட்டுக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி வைத்திருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் ஒரு காற்றுக் குமிழி வந்து உடையும். இன்னொன்று வரும். கொஞ்சம் நுரை. அப்புறம் சுத்தமான ஆயில் மெல்ல ஊறி, ஹெட்டின் ஓரமாக வழியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நல்ல மெக்கானிக் போல்ட்டை முடுக்குவார்.

அடுத்தது டேப்பெட். கம்ப்ரஷனில் பிஸ்டன் உச்சிக்கு வந்த இடத்தில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது, புஷ்ராடை விரலால் உருட்டினால் உருள வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. அடுத்தது பிளாட்டினம் பாயிண்ட்: இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. கடைசியாக டைமிங். பிஸ்டன் உச்சியைத் தொட 0.8 மி.மீ. பாக்கி இருக்கும்போது பாயிண்ட் விலக ஆரம்பிக்க வேண்டும். அது ஓர் ஏ.டி.எம். கார்டின் கனம்தான்! அவ்வளவு சின்ன இடத்தைப் பிடிக்க நேரம் ஆகத்தான் செய்யும். கேலி செய்யும் நண்பர்களைக் கூப்பிட்டு டார்ச் பிடிக்கச் சொல்லுங்கள். அவர்களும் கற்றுக்கொள்ளட்டும்.

கே: செல்ஃப் ஸ்டார்ட் வந்த பிறகும் கிக்கர் எதற்கு?
— குரோம்பேட்டை வாசகர்

ப: பேட்டரி இறங்கிப்போன காலை நேரத்துக்கு.

கே: ஸ்டார்ட் ஆனதும் ஒரு மணி நேரம் ஐடிலிலேயே ஓடவிடச் சொல்கிறார் மாமா. செய்யலாமா?
— பெருங்களத்தூர் வாசகர்

ப: மாமாவுக்கு மரியாதை கொடுங்கள், எஞ்சினுக்குக் காற்றைக் கொடுங்கள். இது காற்றில் ஆறும் எஞ்சின். நிற்கிற வண்டிக்குக் காற்று ஏது? அலுமினிய பிஸ்டன் சூட்டில் விரிகிற அளவு, வார்ப்பிரும்பு சிலிண்டர் விரிவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. புதுப் போரில் இடைவெளியோ இறுக்கம். ஒரு மணி நேரம் நின்ற இடத்தில் ஓடினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். தொட்டால் சுடாத அளவுக்கு முழுசாக ஆறட்டும். ஹெட் நட்டுகளை மறுபடி முடுக்கி, டேப்பெட்டையும் மறுபடி பாருங்கள். அப்புறம் விடியற்காலையில் முடிச்சூர் வழியாக ஒரகடம் பக்கம் கிளம்புங்கள். மாலையில் ஜி.எஸ்.டி. ரோடு வேண்டவே வேண்டாம். தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஊர்ந்து போவது புது எஞ்சினுக்குச் செய்கிற கொடுமை. ஆக்ஸிலரேட்டரை ஒரே இடத்தில் பிடிக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். அந்த அழுத்தத்தில்தான் ரிங் சிலிண்டர் சுவரோடு பதியும். டாப் கியரில் திணறவிடாதீர்கள், முழுசாக முறுக்காதீர்கள். முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள். வடிக்கும்போது வெயிலில் பிடித்துப் பார்த்தால் பொடிப்பொடியாக இரும்பு மின்னும்.

கே: புல்லட் வெள்ளைக்காரன் வண்டியா, நம்ம ஊர் வண்டியா?
— வண்டலூர் வாசகர்

ப: நம்ம ஊர் வண்டி! பெயர் வைத்தது 1932-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க்காரர்கள். ஆனால் 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அவர்களோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, வண்டி திருவொற்றியூருக்குக் குடிவந்தது. இங்கிலாந்தில் கம்பெனியை மூடிய பிறகும் இங்கே நிறுத்தவில்லை. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தோம். 2013 முதல் ஒரகடத்திலும் தயாராகிறது. ரெட்டிச் மறந்துவிட்ட கைவேலையைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் புதுப்பேட்டை பாகக் கடைக்காரர்களும் நம் தெருமுனை மெக்கானிக்குகளும்தான். இதை எத்தனை தடவை கேட்டாலும் நானும் அத்தனை தடவை சொல்வேன்.

கே: சிக்னலில் நின்றால் வண்டி அணைந்துவிடுகிறது. கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள்.
— சானடோரியம் வாசகர்

ப: பர்ஸை உள்ளே வையுங்கள், ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடானதும், ஏர் ஸ்க்ரூவை நோகாமல் கடைசி வரை உள்ளே திருப்பி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அங்கிருந்து கால் கால் சுற்றாக நகர்த்திக் காதால் கேளுங்கள். வேகம் எங்கே அதிகமோ அங்கே விடுங்கள். பிறகு ஸ்லோ ஸ்க்ரூவைக் குறைத்து நிதானமான துடிப்புக்குக் கொண்டு வாருங்கள். எவ்வளவு திருப்பினாலும் சத்தம் மாறவில்லையா? ஸ்லோ ஜெட்டில் அடைப்பு. மேனிஃபோல்டு ஜாயிண்டில் ஆயில் தடவினால் சத்தம் மாறுகிறதா? அங்கே காற்று புகுகிறது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்திருந்தால் அதிகம். இளம்பழுப்பாக இருந்தால் எதையும் தொடாதீர்கள்.

கே: அப்பா ஓட்டிய புல்லட். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியது. அப்பா இப்போது இல்லை. இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் எஞ்சினைக் கட்டினோம். உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கிறது, கணுக்கால் வீங்கிவிட்டது. எனக்கு இது சரிப்படாதோ?
— வாசகி, முடிச்சூர்

ப: சகோதரி, முதலில் கணுக்காலை டாக்டரிடம் காட்டுங்கள். அது ஆறும் வரை வண்டி காத்திருக்கட்டும்.

தப்பு உங்கள் மேல் இல்லை. பிஸ்டன் மேலே ஏறி முடிவதற்கு வெகு முன்பே பொறி விழுந்துவிடுகிறது. வெடிப்பு அதை வந்த வழியே கீழே தள்ளுகிறது. அந்த அடிதான் காலில் விழுகிறது. தண்ணீரில் கிடந்த வண்டியில் பாயிண்டுக்குப் பின்னால் இருக்கும் அட்வான்ஸ் யூனிட்டை அவசியம் பார்க்க வேண்டும். அதன் எடைகள் துருப்பிடித்து, விரிந்த நிலையிலேயே நின்றுவிடலாம். எஞ்சினைக் கட்டும்போது இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவது சகஜம். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, எடைகள் தாராளமாக விரிந்து சுருங்குகின்றனவா என்று பார்த்து, டைமிங்கை மறுபடி வைக்கச் சொல்லுங்கள்.

பிறகு நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள். சாவியை ஆன் செய்து, ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல அழுத்துங்கள். ஓர் இடத்தில் கால் இறங்காது, முள் நடுவுக்கு வரும். அங்கே டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மூச்சில் அடி வரை உதையுங்கள். பாதியில் நிறுத்தாதீர்கள். இதற்கு உடம்பின் எடை தேவையில்லை, பிஸ்டன் நிற்கும் இடம்தான் முக்கியம். ஒல்லியான ஆட்கள் செருமல்கூட இல்லாமல் ஸ்டார்ட் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்குக் கட்டாயம் சரிப்படும். அப்பாவின் வண்டியை நீங்கள்தான் ஓட்ட வேண்டும்.

கே: 350-ஐ 535 சிசி ஆக்கலாமா?
— மடிப்பாக்கம் வாசகர்

ப: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைப் படித்துவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீசில் கேளுங்கள். அதுவரை, இருக்கிற 346-க்கு டேப்பெட் பாருங்கள்.