ஆப்ஷனா, அல்காரிதமா?

அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கக் கிளம்பும் பிள்ளைகளுக்கு இப்போது பெரிய தர்மசங்கடம்: குவான்ட் ஃபைனான்ஸா, டேட்டா சயின்ஸா? பாடத்திட்டத்தைப் பிரித்தால் இரண்டிலும் நிகழ்தகவு, லீனியர் அல்ஜீப்ரா, பைத்தான். முன்னதில் உபரியாக, ஆப்ஷன் என்ற நிதி ஒப்பந்தத்துக்கு விலை வைக்கும் 1973-ஆம் ஆண்டுச் சூத்திரம். அந்தச் சூத்திரப் பணிக்காகப் பொருளாதார அறிஞர்கள் ஷோல்ஸும் மெர்ட்டனும் 1997-இல் பொருளாதார நோபல் வாங்கினார்கள். மறுவருஷமே அவர்கள் பங்காளிகளாக இருந்த லாங் டெர்ம் கேப்பிடல் மேனேஜ்மென்ட் என்ற முதலீட்டு நிறுவனம் மூழ்கியது. 14 நிதி நிறுவனங்கள் சுமார் 360 கோடி டாலர் கொட்டித் தூக்கி நிறுத்தின. (பரீட்சைக்கு வருவது சூத்திரம் மட்டும்தான்.)

டேட்டா சயின்ஸ் சளைத்ததா என்ன? 2012-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதை இந்த நூற்றாண்டின் கவர்ச்சியான வேலை என்று புகழ்ந்தது. அந்தக் கவர்ச்சியில் பெரும்பகுதி, ஒரே தேதியை மூன்று விதமாக அடித்து வைத்திருக்கும் எக்செல் கோப்பைச் சுத்தம் செய்வதில் கழிகிறது.

அப்பாக்களின் கேள்வி வேறு: “எதுலப்பா சம்பளம் ஜாஸ்தி?” அதற்கும் கல்லூரிகள் பளபளப்பான வேலைவாய்ப்பு அறிக்கை வைத்திருக்கின்றன. கடனுக்குக் கையெழுத்துப் போடுமுன், சராசரிச் சம்பளத்தைத் தாண்டி, எத்தனை பேரிடம் கேட்டு அதைக் கணக்கிட்டார்கள் என்ற பொடி எழுத்து வரியையும் படித்துவிடுங்கள்.