முருகன் ஜிலேபி 123

தெருவுக்கு ஒரு பிள்ளையார் கோயில் இருப்பதுபோல, தெருவுக்கு ஒரு ஓடிபி ஐயாவும் இருக்கிறார். எங்கள் தெருவில் இல்லையே என்பவர்கள் சரியாகத் தேடவில்லை என்றுதான் சொல்வேன். அறுபதைத் தாண்டியவர். மின்வாரியமோ, வங்கியோ, மில்லோ, எங்காவது பேரேடு எழுதி ஓய்வு பெற்றவர். கண்ணாடி மூக்கில் ஒன்று, சட்டைப்பையில் ஒன்று. யார் வந்து அவர் வாசலை மிதித்தாலும் “வாங்க” என்பதற்கு முன்னால் “போன்ல சார்ஜ் இருக்குதுங்களா?” என்று கேட்பார்.

எங்கள் ஐயா கோவை சிங்காநல்லூர்க்காரர். பழைய மில் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தவர். மில் போய்விட்டது, சங்கு போய்விட்டது. அந்தச் சங்கை நம்பி எழுந்து, அதை நம்பிச் சாப்பிட்டவர்களெல்லாம் இப்போது எழுபது வயசில் தெருவெங்கும் இருக்கிறார்கள். 1995 நவம்பரில் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் பிள்ளைகள். 2014 செப்டம்பரில் அந்த ஓய்வூதியத்துக்குக் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று ஒரு தரையைப் போட்டார்கள். எங்கள் தெருவில் பலர் அந்தத் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த ஆயிரத்துக்கு இருக்கிற காவலைப் பார்த்தால்தான் பிரமிப்பாக இருக்கும். நகை வைக்கிற லாக்கருக்கே இரண்டு சாவியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இதற்குப் பன்னிரண்டு இலக்கத்தில் ஒரு எண், அதற்குத் துணையாகப் பன்னிரண்டு இலக்கத்தில் ஆதார் எண், ஒரு பாஸ்வேர்டு, கோணல்மாணலாக நெளியும் ஒரு கேப்ட்சா, கடைசியில் ஓடிபி. இத்தனை கதவையும் திறந்துகொண்டு எந்தத் திருடனாவது உள்ளே போனால், அவன் பட்ட பாட்டுக்கு அந்த ஆயிரத்தை அவனிடமே கொடுத்துவிடலாம்.

இந்தக் கதவுகளுக்கெல்லாம் சாவிக்கொத்து ஐயாவின் நோட்டு. மில்லில் இருந்து கிளம்பும்போது கொண்டுவந்த லாங் சைஸ் நோட்டு. காலிகோ அட்டை, ரப்பர் பேண்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு ‘லாபம்’ என்று எழுதியிருக்கும். அடுத்த பக்கத்திலிருந்து தெருவின் ரகசியங்கள், வீட்டு எண் வரிசைப்படி. பெயர், பிறந்த தேதி (ஆதாரில் ஒன்று, பள்ளிச் சான்றில் ஒன்று, நிஜத்தில் ஒன்று என மூன்று கட்டம்), போன் நம்பர், பாஸ்வேர்டு.

பாஸ்வேர்டு வைப்பதில் ஐயாவுக்கு ஒரே கொள்கை: முருகன். பெரிய எழுத்து ஒன்று, சின்ன எழுத்துகள் சில, எண், ஒரு குறி, எல்லாம் வேண்டும் என்று கேட்கிறார்களா? முருகனில் தொடங்கி 123இல் முடித்தால் ஆயிற்று. நடுவில் வரும் குறிதான் கிழவிகளுக்குத் தகராறு. அட் குறியை ஐயா ஜிலேபி என்பார். ஹேஷ், ஆடுபுலிக் கட்டம். நட்சத்திரக் குறி, மல்லிகைப்பூ. “உங்களுது முருகன் ஜிலேபி 123, உங்க மச்சாண்டாருது முருகன் மல்லிகைப்பூ 123. மாத்திப் போட்டுறாதீங்க” என்று தெருமுனை வரைக்கும் கேட்கிற குரலில் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, “யாருகிட்டயும் சொல்லிறாதீங்க அம்மிணி, காலம் கெட்டுக்கெடக்குது” என்பார்.

அவ்வப்போது தளம் பழைய பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும். அதற்கும் ஐயாவிடம் வழி இருந்தது. பழனி, திருச்செந்தூர், சுவாமிமலை என்று படைவீடு படைவீடாகப் போனார். ஆறும் முடிந்ததும் மறுபடி பழனிக்குத் திரும்பினால், முன்பே வைத்தது, இனி வைக்கக்கூடாது என்று தளம் சொல்லிவிட்டது. ஐயா அசரவில்லை. மருதமலையை ஏழாம் படைவீடு என்று எங்கள் ஊர்க்காரர்கள் ஏன் சொல்லிவைத்தார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

ஓடிபி வேறு கதை. அம்மாவின் கணக்கில் இருப்பது மகனின் நம்பர். மகன் பெங்களூரில். அம்மா இங்கே நாற்காலியில், ஐயா விசையில் விரல் வைத்தபடி, எண்ணோ பெங்களூரில் ஏதோ ஒரு மீட்டிங்கின் நடுவே ‘டிங்’ என்று விழுகிறது. ஆதார் ஓடிபிக்குப் பத்து நிமிஷம்தான் ஆயுள். ஆறு முறை அடித்தும் எடுக்காத மகன் எவன், முதல் ரிங்கிலேயே “சொல்லும்மா” என்கிறவன் எவன் என்பதெல்லாம் ஐயாவுக்கு அத்துப்படி. அதை அவர் நோட்டில் எழுதுவதில்லை. ஆனால் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் அவரிடம் விசாரித்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

கூலி என்று ஒரு பைசா வாங்கமாட்டார். முருங்கைக்காய் வரும், சீம்பால் வரும், மறுக்கமாட்டார். அவருக்கு வேண்டியது வேறு. தளத்துக்குள் நுழைந்ததும், பிரசவ வார்டிலிருந்து வெளியே வரும் டாக்டரம்மா மாதிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “ஆயிப்போச்சு” என்பார் பாருங்கள். அந்த ஒரு சொல்தான் அவர் சம்பளம். முப்பத்தைந்து வருஷம் மில்லில் மேனேஜர் கையெழுத்துக்காகக் கதவோரம் நின்ற மனிதர். இப்போது அவருடைய ‘ஆயிப்போச்சு’க்காகத் தெருவே நிற்கிறது.

உலகம் மாறுவதற்கான அறிகுறிகள் முன்பே தெரிந்தன. முன்னெல்லாம் நவம்பர் வந்தால் பென்ஷன்காரர்கள் வங்கியில் வரிசையில் நின்று, எதிரே நிற்கிற தாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் வந்தது. விரல்ரேகை வைத்தால் போதும். தபால்காரரே எந்திரத்தோடு வீட்டுக்கு வந்து, நீங்கள் இருக்கிறீர்கள் என்று பதிந்துவிட்டுப் போவார். ஆனால் நூல் அறுந்த இடத்தையெல்லாம் முடிச்சுப் போட்டே காலம் தள்ளிய விரல்களில் ரேகை எங்கே இருக்கிறது? 2021இல் முகத்தைக் காட்டினாலே போதும் என்ற வசதி வந்தது. 2025 ஆகஸ்டிலிருந்து, புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குப் பிஎஃப் எண்ணே உமங் செயலியில் முகம் காட்டினால்தான் பிறக்கும் என்றானது. உயிருக்கு முகம் கேட்டவர்கள் ஒருநாள் வாசலுக்கும் முகம் கேட்பார்கள் என்று ஐயா யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஏழாம் படைவீட்டில் நிம்மதியாக இருந்துவிட்டார்.

எங்கள் ஆட்கள் புழங்குகிற தளமும் ஒரு நாள் மாறியது. எந்தத் தளம் என்பது வேண்டாம். நாளைக்கு நானும் அங்கே போக வேண்டியவன். பழைய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இனி செல்லாது, போனில் முகம் காட்டி நுழையுங்கள் என்று அறிவிப்பு. 2016இல் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று ராத்திரி எட்டு மணிக்குச் சொன்னபோதுகூட, வங்கி திறந்த அன்று காலையில் ஐயா தெம்பாகத்தான் இருந்தார், வங்கிப் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டு. இந்த முறை திண்ணையில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்து மூன்று வீட்டுப் பாஸ்வேர்டு, ஒரே நாளில் வெறும் முருக நாமம்.

பாஸ்வேர்டை ஒருவரிடம் கொடுத்துவைக்கலாம். முகத்தைக் கொடுத்துவைக்க முடியாதே.

மூன்று நாள் அப்படி இருந்தார். நாலாம் நாள், மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேமில் வேலை பார்த்த அம்மிணி ஒருவர் போனோடு வந்து நின்றார். பேத்தி வாங்கிக்கொடுத்த போன். வேறு வழியில்லாமல் ஐயா எழுந்தார். ஒரே மணி நேரத்தில் கணக்குப்பிள்ளை போய் சினிமா ஒளிப்பதிவாளர் வந்துவிட்டார். கிழக்கு ஜன்னலைத் திறந்தார். நாற்காலியை நகர்த்தினார். பின்னால் காலண்டர் மாமுனிவர்கள் தெரிகிறார்கள் என்று தன் வெள்ளை வேட்டியை ஆணியில் மாட்டித் திரை கட்டினார். செயலி எதையெல்லாம் கேட்டது, எதையெல்லாம் இவராகச் சேர்த்துக்கொண்டார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

“கண்ணாடியக் கழட்டுங்க அம்மிணி. அந்தப் பொட்டையும் அழிச்சிருங்க, பெருசா இருக்குது.”

“ஏனுங்கய்யா, எங்க வூட்டுக்காரரு உசுரோட இருக்கறப்ப பொட்ட அழிக்கறதுங்களா? அவரு இருக்கறாருங்கறதுக்குத்தான் இந்தப் பொட்டு. நான் இருக்கறங்கறதுக்கு நீங்க போன வெச்சுப் பாத்துக்கங்க.”

பொட்டு இருந்தது. வட்டத்துக்குள் முகம் வந்தது. வட்டம் சிவப்பு.

“இப்பக் கண்ணடிங்க” என்றார் ஐயா.

அறையில் சத்தமே இல்லை. அம்மிணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “என்னங்கய்யா பேச்சு இது? எழுவத்தி ரெண்டு வயசாச்சு எனக்கு. கட்டுனவருக்கே இதுவரைக்கும் கண்ணடிச்சதில்லீங்க.”

“அய்யோ, சிமிட்டுங்கன்னு சொல்றனுங்க! போன் கேக்குது, நான் கேக்கலீங்க!”

அடக்க முடியாமல் அம்மிணி சிரித்த சிரிப்பில் கண் தானாகச் சிமிட்டிக்கொண்டது. வட்டம் பச்சையானது. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆயிப்போச்சு.”

அதற்குப் பிறகு நோட்டுக்கு மறுபடி உயிர் வந்தது. பாஸ்வேர்டு இருந்த கட்டத்தில் ஒரே ஒரு கோடு, கீழே இருப்பதைப் படிக்க முடிகிற மாதிரி. “மறுபடி மாத்துனாங்கன்னா?” என்றார், நான் கேட்டதற்கு. பக்கத்தில் புதிய கட்டம் கட்டி எழுதிக்கொண்டே போகிறார். ‘12ஆம் நம்பர்: காலை 9 மணி வெயில். பல்செட் போட்டுக்கொள்ளணும்.’ ‘17: தாடி எடுத்த பிறகுதான்.’ ‘21: கண்புரை ஆப்பரேஷன் ஆகியிருக்கு, பொறுமை.’ ‘26: மகன் பக்கத்தில் இருந்தால் முகம் விறைக்குது. மகனை வெளியே அனுப்பணும்.’

அவருடைய சொந்தப் பக்கம் மட்டும் ரொம்ப நாள் காலியாக இருந்தது. தனியாக உட்கார்ந்து போனைக் கை நீட்டிப் பிடித்து, தனக்குத்தானே “தலைய நிமித்துங்க, கொஞ்சம் வலது” என்று உத்தரவு போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு மேலாக முறைத்துப் பார்ப்பார். வட்டம் சிவப்பாகவே இருக்கும். யாரிடமும் உதவி கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்?

போன வாரம் மோர் கொண்டுவந்த அந்த அம்மிணி, ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டார். சொம்பைத் திண்ணையில் வைத்தார். உள்ளே போய்ப் போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஐயாவின் கண்ணாடியை அவரையே கழற்றச் சொன்னார். நெற்றிப் பட்டையை அழிக்க வேண்டாம் என்றார். இரண்டடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்து, வட்டத்துக்குள் முகத்தைக் கொண்டுவந்தார்.

“ம், இப்பக் கண்ணடிங்கய்யா.”

ஐயா சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, கண்ணைச் சிமிட்டினார்.